இரண்டுங்கெட்டான் வகுப்பு

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் ட்ரூயிட் என்று ஒரு வகுப்பு உண்டு. காட்டோடு வாழும் சாமியார் மாதிரி ஓர் ஆள். பத்தாம் லெவலில் கரடியாக மாறக் கற்றுக்கொள்வான், பதினாறில் தண்ணீருக்குள் நீந்தும் உருவம், இருபதில் பூனை. எந்த உருவமும் எடுக்காமல் நின்றால் மந்திரம் போட்டு எதிரியைச் சுடலாம், கூட வந்தவர்களின் காயத்தை ஆற்றலாம். கரடியானால் முன்னால் நின்று அடி வாங்கலாம். பூனையானால் பதுங்கிப் போய்ப் பின்புறமிருந்து கிழிக்கலாம். 2004 நவம்பரில் ஆட்டம் வெளிவந்தபோது ஒன்பது வகுப்புகள் இருந்தன. திருடனுக்குக் குத்தத் தெரியும், மந்திரவாதிக்குச் சுடத் தெரியும், வேறொன்றும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ட்ரூயிட், பாலடின், ஷாமன் மூவருக்கும்தான் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். ஆடுகிறவர்கள் இவர்களை ஹைப்ரிட் என்பார்கள். என் அம்மா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இது என்னடா, இரண்டுங்கெட்டானா இருக்கு" என்றார். அதைவிடப் பொருத்தமான வருணனையை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

பத்தாம் லெவலில் கரடியோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வரும். அங்கிருந்து லெவலுக்கு ஒரு டேலண்ட் புள்ளி. மந்திரத்துக்கு பேலன்ஸ், மிருக உருவங்களுக்கு ஃபீரல், காயம் ஆற்ற ரெஸ்டோ என்று மூன்று கிளைகள். அந்தக் கால ஆட்டத்தில் கடைசி லெவலான அறுபதைத் தொடும்போது கையில் மொத்தம் 51 புள்ளிகள் இருக்கும். ஒரு கிளையின் அடிமட்டத்தைத் தொடவே 31 போய்விடும். மிச்சம் இருபதை வைத்துக்கொண்டு இன்னொரு கிளையில் பாதிவழி போகலாம், மூன்றாவதை மறந்துவிட வேண்டியதுதான். எல்லாம் தெரிந்தவனைப் பார்த்து, எதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளப்போகிறாய் என்று ஆட்டம் கேட்கிறது.

வழக்கமான அறிவுரை ஒன்று உண்டு, அதை எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: வளரும்போது ஃபீரல் எடு. காரணம் எளிது. மந்திரக்காரனுக்கு மேனா என்ற மந்திர சக்தி தீரும். தீர்ந்தால் வழியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். இரண்டு ஓநாயைக் கொன்றால் ஒரு குடம் தண்ணீர். பூனைக்கு மேனா வேண்டாம். அதன் சக்தி இரண்டு நொடிக்கு ஒருமுறை தானாகவே ஊறிக்கொண்டிருக்கும். ஒன்றைக் கிழித்து முடித்ததும் அடுத்ததன் மேல் பாயலாம். ரெஸ்டோவாக வளர்கிறவனின் பாடு பரிதாபம். காயம் ஆற்றுவதில் அவன் கெட்டிக்காரன், ஆனால் ஆற்றுவதற்குத் தன்னைத் தவிர ஆள் கிடையாது. நரியும் அவனும் மணிக்கணக்கில் ஒருவரையொருவர் கொல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த அறிவுரை எங்கள் ஊரான புதுச்சேரிக்கு இன்னொரு விதத்திலும் பொருந்தியது. முத்தியால்பேட்டை வீட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட். அன்றைய திட்டத்தில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை எவ்வளவு இழுத்தாலும் கணக்கில் வராது, எட்டடித்ததும் எம்பிக்கு எம்பி மீட்டர் ஓடும். இந்த ஆட்டத்துக்கு இந்தியாவில் சர்வர் இல்லாததால் நாங்கள் ஏறியது அமெரிக்க சர்வரில். இங்கே இரண்டு மணி என்றால் அங்கே கிழக்குக் கரையில் முந்தைய நாள் சாயங்காலம் நாலரை. வேலைக்குப் போனவர்கள் இன்னும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு வந்து உட்காரும்போது குருசுக்குப்பத்துப் படகுகள் கடலுக்குள் போயிருக்கும், எங்களுக்கு மணி ஐந்தரை. ஆக இரண்டிலிருந்து ஐந்தரை வரை தனிமை. தனியாக நடக்கிறவனுக்குப் பூனைதான் சரி. ஐந்தரைக்கு எங்கள் கில்டு, அதாவது குழு, ஆட்கள் வந்ததும் முதல் கேள்வியே, "நீ ஹீல் பண்ணுவியா?" அறுபதாம் லெவலுக்குப் போன பிறகு வேறு கேள்வியே கிடையாது. நாற்பது பேர் சேர்ந்து போகும் ரெய்டில் ட்ரூயிட் என்றால் பின்வரிசையில் நின்று காயம் ஆற்ற வேண்டியவன். தன் மேனாவைப் பெருக்கிக்கொள்ளும் இன்னர்வேட் வித்தையைக்கூடப் பூசாரிக்குப் போட்டுவிட வேண்டும். பூனையாகவே வருகிறேன் என்று அடம்பிடித்தால், அதற்கு ஏற்கெனவே திருடன் இருக்கிறான், உன்னைவிட நன்றாகக் குத்துவான் என்பார்கள். அது உண்மையும்தான். இத்தனை வேலை தெரிந்தவன் ஒவ்வொரு வேலையிலும் ஒருபடி கீழேதான் இருக்க வேண்டும் என்று ஆட்டத்தைச் செய்தவர்கள் நினைத்தார்கள். அதற்கு ஹைப்ரிட் வரி என்று பெயர் வைத்தவர்கள் ஆட்டக்காரர்கள்.

அந்த வரியைக் கட்டியே தீருவேன் என்று கிளம்பிய பூனைகளும் உண்டு. நோமெரகான் என்ற பாழடைந்த இயந்திர நகரத்தில் ஒரு கதாயுதம் கிடைக்கும். கீழ்லெவல் ஆட்களுக்கான சாமான். அதைப் பயன்படுத்தினால் அரை நிமிடத்துக்குக் கை வேகம் ஒன்றரை மடங்காகும். மூன்றே முறைதான் வேலை செய்யும், அப்புறம் அது வெறும் இரும்பு. அறுபதாம் லெவல் பூனைகள் ஒவ்வொரு ரெய்டுக்கும் முன்னால் அந்தப் பாழ்நகரத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். திருடனுக்குச் சமமாக நிற்க அத்தனை பாடு. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தவர்களோடு எனக்கு ஒருபோதும் ஒத்துப்போனதில்லை.

புதுச்சேரிக்காரனுக்கு இந்த வரி புதிதில்லை.

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து இங்குள்ள பிரெஞ்சு நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டங்களைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொடுக்கலாம். எழுதிக்கொடுத்தால் திரும்ப வழியில்லை. அப்படிச் செய்தவர்கள் ரெனோன்சான் எனப்பட்டார்கள், புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் நின்ற பொன்னுத்தம்பி லா போர்த் ஆனார். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்தவர்களும் கிறிஸ்தவர்களும் இதில் ஒரு கதவைப் பார்த்தார்கள். மேல்சாதி இந்துக்களில் பெரும்பாலோர் பக்கத்தில்கூட வரவில்லை.

துறந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, துறக்காதவருக்கு ஒன்று. பிரெஞ்சுக்காரனாகு என்று கூப்பிட்டுவிட்டு, ஆனவனுக்குத் தனி வரிசை போட்டாயிற்று. ரெனோன்சான்கள் அதே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்குப் போய் அரசு வேலை பார்த்தார்கள், ஓட்டுப் போட்டார்கள். அங்கே குடியேறியிருந்த வெள்ளைக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஓட்டு, சம்பளம் இரண்டிலும் முணுமுணுப்பு தீரவே இல்லை. பின்வரிசையில் நின்று ஹீல் பண்ணு என்று சொல்லப்பட்ட பூனையை எனக்கு அப்போதே தெரிந்திருந்ததாகத் தோன்றுவது இதனால்தான்.

இதற்கும் நூறு வருஷத்துக்கு முன்னால், எழுதிக்கொடுக்காமலே இரண்டு கிளையிலும் ஏறியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அவர் வீடு இன்னும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் நம் ஊர் மரத்தூண்கள், மேலே ஐரோப்பிய பாணியில் வெள்ளைத் தூண்கள். நின்று பார்த்தால் ஒரு டேலண்ட் பலகையை நிமிர்த்தி வைத்த மாதிரிதான். பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்த்து இடைநிற்கும் துபாஷி வேலை கிறிஸ்தவருக்கே என்பது வழக்கமாக இருந்தது. 1746இல் அந்த வேலையிலிருந்த கனகராய முதலியார் இறந்ததும் யார் அடுத்தவர் என்ற இழுபறி. கவர்னர் டூப்ளேயின் மனைவிக்குப் பிள்ளை வருவது பிடிக்கவில்லை. பிள்ளை மதம் மாறவும் இல்லை, வேலையை விடவும் இல்லை. மறுவருஷம் பதவி அவருக்கே வந்தது. சொந்தக் கப்பலில் வியாபாரம், நவாபுகளைப் பற்றிய துப்பு, சாதிச் சண்டைக்குப் பஞ்சாயத்து, கவர்னருக்கு யோசனை, இதற்கு நடுவில் 1736இலிருந்து விடாமல் நாட்குறிப்பு. பிரபஞ்சன் அவரை வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல் எழுதியும் மிச்சம் இருக்கிறது. ஆனால் 1754இல் டூப்ளேயைப் பாரீஸுக்குத் திருப்பி அழைத்த பிறகு பிள்ளையின் செல்வாக்கும் சரிந்தது. அவர் கற்ற வித்தையில் ஒன்றும் குறையவில்லை. அந்த வித்தை யாருக்குத் தேவைப்பட்டதோ அந்த ஆள் போய்விட்டார். ஹைப்ரிட்டின் மதிப்பு அவனிடத்தில் பாதிதான் இருக்கிறது, மறுபாதி அவன் சேர்ந்திருக்கும் பார்ட்டியில்.

1962தான் எங்கள் ஊரின் பத்தாம் லெவல். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு வசமிருந்த நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. இந்தியாவும் பிரான்ஸும் செய்த ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது, அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல். இந்தப் பகுதிகளில் பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியர். வேண்டாம், பிரெஞ்சாகவே இருக்கிறேன் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும் சேர்த்து அப்பா போடும் கையெழுத்தே முடிவு. ஆட்டத்தில் புள்ளியைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் அது அப்படியே காத்திருக்கும். இங்கே சும்மா இருந்தவர்களுக்கு ஒப்பந்தமே புள்ளி போட்டுவிட்டது.

எழுதிக்கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்களில் யார் பிரான்ஸை நேசித்தவர், யார் நேசிக்காதவர் என்று பிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிரிப்பில் நம்பிக்கை இல்லை. சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுச் சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர் எழுதிக்கொடுத்தார், ஏனென்றால் பென்ஷன் அங்கிருந்து வந்தது. மகன் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கும் தாய் எழுதிக்கொடுத்தாள். நஞ்சை நான்கு காணி வைத்திருந்தவர் சும்மா இருந்தார், நிலம் எங்கேயும் நகரப்போவதில்லை. யாரோடு, எந்த வழியில் நடக்கப்போகிறோம் என்று பார்த்துத்தான் கிளையைத் தொட்டார்கள், லெவல் ஏறுகிற ட்ரூயிட்டைப் போலவே. முடிவில் என்ன கேட்கப்படும் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை, பெண் என்று கல்யாணச் சந்தையில் தனி விலை வரும் என்றோ, அப்பாவின் கையெழுத்து செல்லுமா செல்லாதா என்று பிரான்ஸ் நீதிமன்றங்கள் வரை பிள்ளைகள் அலைவார்கள் என்றோ 1963 பிப்ரவரியில் யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14இல் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் பதக்கங்களோடு வந்து நிற்கும் பெரியவர்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பது அசட்டுத்தனம்.

வளரும்போது தனக்குத் தோதான கிளையை எடுத்துக்கொள் என்ற அறிவுரையை நான் ஏற்கிறேன். அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல ஓர் இடத்தைக் காட்ட வேண்டும்.

ஸ்கார்லெட் மொனாஸ்டரி என்று ஒரு மடாலயம். அதன் தேவாலயப் பகுதிக்கு ஐந்து பேராகப் போவார்கள். உள்ளே மோக்ரேன் என்ற தளபதி. அவனைக் கொன்றதும் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு வைட்மேன் என்ற பெண் வருவாள். நம் ஆட்கள் எல்லோரையும் தூங்கவைப்பாள், செத்துக் கிடக்கும் தளபதியை எழுப்புவாள். இப்போது இரண்டு பேரையும் சேர்த்து அடிக்க வேண்டும். இந்தக் குழப்பத்தில்தான் பெரும்பாலும் பூசாரி சாவான். காயம் ஆற்றுகிறவன் விழுந்தால் அடுத்து முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க், அப்புறம் மற்றவர்கள் வரிசையாக. அந்த இடத்தில் பூனை, உருவத்தை உதறிவிட்டு இயல்பான உருவுக்கு வந்து, ரீபர்த் போட வேண்டும். சண்டை நடக்கும்போதே செத்தவனை எழுப்பும் வித்தை. அரை மணி நேரத்துக்கு ஒருமுறைதான் கூடும், ட்ரூயிட்டைத் தவிர யாருக்கும் அது வராது. பூசாரி எழுந்து நிதானத்துக்கு வரும்வரை டேங்கைப் பிடித்துவைக்க, பூனை தன்னிடம் மிச்சமிருக்கும் மேனாவை வைத்து இரண்டு மூன்று ஹீல் போடும். எல்லாம் தோல் உடுப்போடு, புத்தி பலமே இல்லாத ஆயுதத்தோடு. பத்து நொடிக்குக் கேவலமான ஹீலர். பிறகு மறுபடி பூனை.

ரீபர்த் போட ஒரு விதை செலவாகும். இருபதாம் லெவலில் மேப்பிள் விதை, முப்பதில் வேறு விதை, நாற்பதில் வேறு. கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஃபீரல் எடுத்த பலர் அதை வாங்கி வைப்பதில்லை. பையில் இடம் அடைக்கிறதாம், நாம்தான் ஹீலர் இல்லையே என்பார்கள். நான் ஒரு ட்ரூயிட்டை எடைபோட அவனுடைய டேலண்ட் கிளையைப் பார்க்க மாட்டேன், பையில் விதை இருக்கிறதா என்று பார்ப்பேன். 51 புள்ளியையும் எங்கே வேண்டுமானாலும் கொட்டட்டும். மற்ற இரண்டு கிளைகளும் அவன் உடம்பில் அப்படியேதான் இருக்கின்றன, சில்லறைக் காசு செலவழித்து அவற்றைக் கூட வைத்துக்கொள்கிறானா என்பதே கேள்வி.

ஆட்டத்தைச் செய்தவர்கள் பின்னால் மனம் மாறினார்கள், பலமுறை. ஆரம்பத்தில் புள்ளிகளைக் கலைத்து மறுபடி அடுக்க ஒரு தங்கக்காசு, அடுத்த தடவை ஐந்து, அப்புறம் பத்து என்று ஏறி ஐம்பதில் நிற்கும். 2009இல் ஆயிரம் தங்கக்காசு கட்டினால் இரண்டு அடுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2010இல் பத்தாம் லெவலிலேயே ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், அதை முடிக்காமல் இன்னொன்றைத் தொடக் கூடாது என்று இறுக்கினார்கள். 2012இல் கரடியையும் பூனையையும் வெட்டிப் பிரித்து ட்ரூயிட்டுக்கு நான்கு கிளை ஆக்கினார்கள். இன்றைய ஆட்டத்தில் செலவே இல்லாமல் நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் இப்போதைய ட்ரூயிட், ஹீலராக மாறினால் முழு ஹீலர், பூனையானால் முழுப் பூனை. ஒவ்வொரு நேரத்தில் ஒவ்வொரு சுத்தமான வகுப்பு. அரைகுறையாக இரண்டும் ஒரே நிமிடத்தில் நடக்கும் அந்தப் பத்து நொடி மெலிந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் பழைய ஆட்டத்தை அப்படியே திருப்பி வெளியிட்டபோது ஐம்பது தங்கக்காசுத் தண்டத்தையும் சேர்த்தே ஜனங்கள் வரவேற்றதில் எனக்கு வியப்பில்லை.

குடியுரிமை இந்த வேகத்தில் இளகவில்லை. இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. 2005இலிருந்து ஓ.சி.ஐ. அட்டை உண்டு. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்கள் பலரிடம் இருக்கிறது. விசா இல்லாமல் வரலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. தாத்தா காணியின் வரப்பில் நின்று பக்கத்துக் காணியை விலை கேட்கக்கூட முடியாத பேரன் கட்டுவது அதே வரி.

அக்கா மகள் லாஸ்பேட்டையில் இருக்கிறாள். பழைய ஆட்டம் மறுபடி வந்தபோது அவளும் ட்ரூயிட் தொடங்கினாள். ஃபீரல் எடு, விதை வாங்கி வை என்று நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு பேலன்ஸில் புள்ளி போட்டாள். வளர்வதற்கு அது மெதுவான வழி. நாற்பதாம் லெவல் வரை ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நாற்பதில் அந்தக் கிளையின் அடியில் மூன்கின் என்று ஓர் உருவம் கிடைக்கும்: ஆந்தைத் தலை, கரடி உடம்பு, மான் கொம்பு. ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டாய் என்று கேட்டேன். "மாமா, கரடிக்கும் பூனைக்கும் ஆடத் தெரியாது. இதுக்குத் தெரியும், பாருங்க" என்று பொத்தானைத் தட்டினாள். அந்தக் கனத்த உடம்பு கையை விரித்து, இடுப்பை ஆட்டி, குதித்துக் குதித்து ஆடியது. சுற்றி நின்றவர்கள் நாலு பேரும் சேர்ந்து ஆட ஆரம்பித்தார்கள். இந்தக் காரணத்தை என் கணக்கில் எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பையைத் திறந்து காட்டச் சொன்னேன். இருபது விதை வைத்திருந்தாள்.